சரக்குப் பட்டியலின் நான்காவது வரி

"ஞாயித்துக்கிழமையில என்னக்கா பண்ணுவீங்க?" என்று பயிற்சி முகாம்களில் யாராவது கேட்பார்கள். விண்கலம் ஓட்டுவேன் என்றால் சிரிப்பார்கள். மனு எழுதுகிற, கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காத்துக் கிடக்கிற ஒருத்திக்கு இப்படியொரு பழக்கம் இருக்கக் கூடாது என்று எங்கோ விதி எழுதியிருப்பதுபோல. எனக்கு இருக்கிறது தோழர்களே. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக ஒரே விளையாட்டைத்தான் விளையாடுகிறேன். அதன் பெயர் ஊலைட். இலவசம். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

முதலில் அதன் மூதாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984-இல் இயன் பெல், டேவிட் பிரேபன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலீட்' என்ற விளையாட்டை எழுதினார்கள். பிபிசி மைக்ரோ என்ற கணினிக்காக எழுதியது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம்கூட அதைவிடப் பெரிது. அதற்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். இத்தனையையும் எழுதிவைக்க இடம் ஏது? எழுதி வைக்கவில்லை. மூன்று எண்களில் தொடங்கி, கூட்டிக் கூட்டி அடுத்தடுத்த எண்களை வரவழைத்து, அந்த எண்களிலிருந்தே ஒவ்வோர் உலகத்தின் பெயரையும் ஆட்சிமுறையையும் பொருளாதாரத்தையும் மக்கள்தொகையையும் கணக்கிட்டார்கள். அதே எண்ணில் தொடங்கினால் எப்போதும் அதே உலகங்கள்தான் வரும். கணிதம் படிக்கிற தோழர்கள் ஒருநாள் இதை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள், அவ்வளவு அழகு. இந்த எலீட்டைத்தான் பல வருடம் கழித்து ஆர்வலர்கள் திரும்ப எழுதி ஊலைட் ஆக்கினார்கள்.

இது என் கைக்கு வந்தது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில். 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியது, அடுத்த வருடம் எனக்குக் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வந்த முதல் கணினி அதுதான். பிறகு கல்லூரி விடுதியில், கணினி அறிவியல் படித்த ஒரு தோழி பென்டிரைவில் ஊலைட்டைக் கொண்டுவந்தாள். இணையம் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், அந்த லேப்டாப்பிலேயே ஓடியது. விடுதியில் மாலை ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆறரைக்கு நான் லேவ் கோளை விட்டுக் கிளம்பிவிடுவேன்.

இந்த விளையாட்டில் கதை கிடையாது. நாயகன் கிடையாது. முடிவும் கிடையாது. ஒரு கோப்ரா மார்க் த்ரீ கப்பல், 100 கிரெடிட் பணம், லேவ் கோளைச் சுற்றிவரும் நிலையத்தில் நிற்க ஓர் இடம், இவ்வளவுதான் தருவார்கள். போ, எங்கே வேண்டுமானாலும் போ. வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், கொள்ளைக்காரரைப் பிடித்துக் கொடுக்கலாம், ஒன்றும் செய்யாமல் சூரியனைச் சுற்றி வரலாம். ஆரம்பத்தில் உங்கள் தரம் 'தீங்கற்றவர்' என்று இருக்கும். கடைசித் தரமான 'எலீட்'டைத் தொட 6,400 கப்பல்களை வீழ்த்த வேண்டும். எனக்கு அதில் ஆசை இருந்ததே இல்லை. டீசோவில் உணவும் துணியும் வாங்கி லீஸ்டியில் விற்று, லீஸ்டியில் கம்ப்யூட்டர் வாங்கி டீசோவில் விற்கிற மாட்டுவண்டி வியாபாரம்தான் என்னுடையது.

முதல் ஒரு வாரம் நிலையத்துக்குள் நுழையவே தெரியாது. அது சுழன்றுகொண்டே இருக்கும். அதன் முகத்தில் ஓர் ஒடுங்கிய வாசல். வாசல் சுழலும் வேகத்துக்கே கப்பலையும் சுழற்றி, நேராகப் போக வேண்டும். கொஞ்சம் பிசகினால் சிதறிவிடுவீர்கள். எத்தனை முறை சிதறினேன் என்று கணக்கே இல்லை. பணம் சேர்ந்தபின் தானாக நிறுத்தும் கணினி ஒன்றை வாங்கலாம், 1,500 கிரெடிட். அது கப்பலை உள்ளே கொண்டுபோகும்போது 'புளூ டான்யூப்' இசை ஒலிக்கும். காதில் ஒரே ஒரு பக்கம் வேலை செய்யும் ஹெட்போனோடு, போர்வைக்குள் அந்த இசையைக் கேட்டபடி தூங்கிப்போன இரவுகள் உண்டு. இன்னொன்று, எரிபொருள் வாங்கக் காசில்லையென்றால் சூரியனை உரசிப் பறந்து அள்ளிக்கொள்ளலாம். அறையின் வெப்பக் கோடு ஏறிக்கொண்டே வரும், திரை முழுக்க நெருப்பு. இன்னும் நெருங்கலாமா, இப்போது திரும்பணுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அந்த வயதில் 'நீதான் முடிவு செய்யணும்' என்று சொன்ன இடம் அது ஒன்றுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. எந்த நிலையத்தில் இறங்கினாலும் "எந்த ஊரு? அதுல எந்தத் தெரு?" என்று யாரும் கேட்பதில்லை. உங்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான்காவது வரிக்கு வருகிறேன். நிலையத்தில் எஃப்8 பொத்தானை அழுத்தினால் சந்தைப் பட்டியல் வரும். முதல் வரி உணவு. இரண்டாவது துணி. மூன்றாவது கதிரியக்கப் பொருட்கள். நான்காவது அடிமைகள். அதற்குக் கீழே மதுவகைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, இருப்பு, அலகு. அடிமைகளுக்கும் அலகு டன்தான். ஒரு டன் உணவு, ஒரு டன் துணி, ஒரு டன் அடிமை.

விலையைப் பாருங்கள். ஒரு டன் கம்ப்யூட்டர் சராசரியாக 80 கிரெடிட்டுக்கு மேல் போகும். ஒரு டன் மென்மயிர்த் தோல் 50-க்கு மேல். ஒரு டன் அடிமை பத்து கிரெடிட்டுக்குப் பக்கத்தில். பட்டியலிலேயே மலிவான சரக்குகளில் ஒன்று. அந்த விலையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஏழை விவசாயக் கோளில் அடிமை மிக மலிவு, பணக்காரத் தொழிற்கோளில் விலை ஏறும். 1984-இல் அந்த இரண்டு மாணவர்கள் எழுதிய சூத்திரத்திலேயே இது இருக்கிறது. ஊரில் பயிர் பொய்த்து, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு லாரி ஏறுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. அவர்கள் யாரை நினைத்து எழுதினார்களோ, சும்மா ஒரு சரக்குக்கு ஒரு விலைபோல எழுதினார்களோ, எப்படியானாலும் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

ஆட்சிமுறைகள் எட்டு வகை. அராஜகம், நிலப்பிரபுத்துவம், சர்வாதிகாரம், கம்யூனிசம், கூட்டாட்சி, ஜனநாயகம், கார்ப்பரேட் அரசு என்று போகும். ஆட்சி மாறினால் வழியில் கொள்ளைக்காரர் கூடுவார்கள், குறைவார்கள். சந்தை விலையை ஆட்சிமுறை தொடுவதே இல்லை. விலையைத் தீர்மானிப்பது பொருளாதாரம் மட்டும். ஜனநாயகம் என்று எழுதியிருக்கும் டீசோவிலும் நான்காவது வரி அதே இடத்தில்தான் இருக்கிறது. கம்யூனிசக் கோள்களிலும் இருக்கிறது, நம் இடதுசாரித் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அடிமை, போதைப்பொருள், ஆயுதம் மூன்றும் சட்டவிரோதச் சரக்குகள். அடிமைகளை ஏற்றிக்கொண்டு நிலையத்தை விட்டுக் கிளம்பினால் உங்கள் பெயருக்கு எதிரே 'குற்றவாளி' என்று ஏறிவிடும், போலீஸ் கப்பல்கள் விரட்டும். ஆனால் அதே நிலையம்தான் அந்தச் சரக்கைத் தன் பட்டியலில் போட்டு, விலை சொல்லி, உங்கள் கணக்கில் பணம் எடுத்துக்கொண்டு விற்றது! இன்னும் ஒன்று, அடிமைகளை ஏற்றிச் செல்வதுதான் குற்றம். கொண்டுவந்து இறக்கி விற்பது குற்றமில்லை. நிலையம் ஒரு கையால் விற்கும், மறுகையால் சட்டத்தைக் காட்டும். வாங்குகிற நிலையத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை. நடுவில் ஓட்டுகிறவன் மட்டும் மாட்டுவான்.

பல வருடம் விளையாடிய பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். சண்டையில் ஒரு கப்பல் வெடிக்கும்போது அதன் மாலுமி சிறு உயிர்காப்புக் கலத்தில் தப்பித்து மிதப்பார். நாம் போய் அதை அள்ளிக்கொள்ளலாம். நிலையத்துக்குப் போனதும் அந்த ஆளைச் சோதிப்பார்கள். அவர் தேடப்படுகிறவர் என்றால், பிடித்துக் கொடுத்ததற்கு உங்களுக்குத் தொகை. காப்பீடு உள்ளவர் என்றால், காப்பாற்றியதற்குக் காப்பீட்டுப் பணம். குற்றப் பின்னணியும் இல்லை, காப்பீடும் இல்லை என்றால்? உங்கள் சரக்கறையில் அடிமை என்ற வரியில் ஒன்று கூடிவிடும். பழைய எலீட்டில் இந்தச் சோதனைகூடக் கிடையாது, அள்ளிய கலம் நேராக ஒரு டன் அடிமையாகிவிடும்.

அதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தப்பும் செய்யாத, கையில் ஒரு தாளும் இல்லாத ஆள், காப்பாற்றப்பட்டதாலேயே சரக்காகிவிடுகிறார்.

"கேம்தானே, இதுல போய் என்ன?" என்றாள் என் தோழி, பென்டிரைவ் கொடுத்தவள்தான். அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. திரையில் இருப்பது ஓர் எண். அந்த எண்ணுக்குப் பசிக்காது. அவளும் நானும் இதைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. நான் அந்த வரியில் இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, கை போகவில்லை, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு செங்கல் சூளையிலிருந்து குடும்பங்களை மீட்கும் விசாரணைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு நீள நோட்டு இருந்தது. மண் லோடு, விறகு, டீசல், மாட்டுத் தீவனம், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வரி போட்டு எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: 'ஜோடி 3 – 90'. கணவன் மனைவியாக மூன்று ஜோடி, அட்வான்ஸ் தொண்ணூறாயிரம். ஆறு பேரில் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. குழந்தைகள் கணக்கிலேயே வரவில்லை. கல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதில் வாரச் செலவுக்குக் கொடுத்தது போக மீதியைக் கடனில் கழிப்பதாகச் சொன்னார்கள். கழித்ததாக அந்த நோட்டில் எங்கும் எழுதவில்லை. டன் என்பதற்குப் பதில் ஜோடி, அலகு மட்டும்தான் வேறு.

"கேட்டுகூட இல்லையே, பிடிக்கலைன்னா கிளம்பிப் போக வேண்டியதுதானே?" என்று விசாரணைக்கு வந்திருந்த ஒருவர் கேட்டார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "வாங்குன காச யாரு சார் குடுக்கறது?" என்றார். கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் 'எலீட் டேஞ்சரஸ்' விளையாட்டுக்குப் போனேன். அதே பிரேபனின் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. நமது பால்வீதியையே முழு அளவில் கட்டியிருக்கிறார்கள். 40,000 கோடி விண்மீன் அமைப்புகள், அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை உண்மையான வானியல் பட்டியல்களிலிருந்து எடுத்தவை. தனியாக விளையாடினாலும் இணையம் இருந்தாக வேண்டும். இணையமில்லாமல் விளையாடும் வசதி வரும் என்று சொல்லிவிட்டு வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு கைவிட்டார்கள். என் லேப்டாப் அதைத் தாங்காது. நண்பர் ஒருவரின் கணினியில் விளையாடினேன். எல்லோரும் ஒரே சிறு கப்பல், ஒரே 1,000 கிரெடிட்டோடு தொடங்குகிறார்கள், எல்லோரையும் 'கமாண்டர்' என்றே அழைக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வனிதா கமாண்டர், மாரியம்மா கமாண்டர்.

எரிபொருள் தீர்ந்து நடுவெளியில் சிக்கிக்கொண்டவர்களைத் தேடிப் போய் எரிபொருள் கொடுக்கும் 'ஃபியூவல் ரேட்ஸ்' என்ற விளையாட்டாளர் குழு ஒன்று அங்கே 2015-லிருந்து இருக்கிறது. காசு வாங்குவதில்லை, இதைச் செய்யச் சொல்லி விளையாட்டில் எந்த விதியும் இல்லை. அவர்களைப் பார்க்கவாவது அதை ஒருமுறை விளையாடலாம்.

ஆனால் அங்கும் சந்தை இருக்கிறது. அதில் அடிமைத்தனம் என்று தனிப் பிரிவே இருக்கிறது. இரண்டு சரக்குகள்: அடிமைகள், பேரரசின் அடிமைகள். இரண்டாவது வகைக்கு நீண்ட விளக்கம் உண்டு. பேரரசில் கடன்பட்டிருப்பது மானக்கேடு. கடனைத் தீர்க்க முடியாதவர் தம்மையே விற்றுக்கொள்வது கௌரவம். அவரை நன்றாக நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, காலம் முடிந்ததும் விடுதலை. அதனால் பேரரசில் இந்த வியாபாரம் சட்டப்படி சரி. பழைய எலீட்டின் நான்காவது வரியாவது பொய் சொல்லவில்லை. இது அந்த அம்மா தலையில் ஏற்றி வைத்திருந்த அதே கணக்கை எடுத்து, அதற்குக் கௌரவம் என்று பெயரும் வைத்துவிட்டது. கடன், மானம், சம்மதம்: இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டினால் பூட்டே தேவையில்லை என்பது சூளைக்காரர்களுக்கு என்றோ தெரியும்.

இந்த அடிமைமுறையை எதிர்ப்பவரும் அந்தக் கதையில் இருக்கிறார். யார் தெரியுமா? அரச குடும்பத்து இளவரசி, ஐஸ்லிங் டூவல். நான் விளையாடியபோது அவர் செல்வாக்குள்ள இடங்களில் அடிமை வியாபாரத்துக்குத் தடை இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நான் பறந்த காலம் முழுக்க இளவரசி பேசிக் கேட்டிருக்கிறேன், செனட்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஓர் அடிமை பேசி ஒரு வரியும் கேட்டதில்லை. நம் தலைவர்களின் வரலாற்றைப் படித்த உங்களுக்கு, நமக்காக மற்றவர்கள் பேசிய மேடைகள் நினைவுக்கு வரக்கூடும்.

"அந்த வரியையே எடுத்துட்டா என்னக்கா?" என்று எங்கள் மாலைப் படிப்பகத்துத் தம்பி ஒருவன் கேட்டான். ஊலைட்டில் அது சுலபம், சந்தைச் சரக்குகள் எல்லாம் ஓர் உரைக் கோப்பில்தான் இருக்கின்றன, பத்து நிமிட வேலை. எனக்குச் சம்மதமில்லை. எடுத்துவிட்டால் அந்த உலகங்கள் சுத்தமாகிவிடும். ஏழை விவசாயக் கோளுக்கும் பணக்காரத் தொழிற்கோளுக்கும் இடையில் துணியும் கம்ப்யூட்டரும் மட்டும் போய்வரும், யாருடைய முதுகும் வளையாததுபோல. அந்தப் பொய்யைச் சொல்லும் விளையாட்டுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. 'முழுச் சுதந்திரம்' என்று இந்த வகை விளையாட்டுகளைப் புகழ்வார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு அது உண்மை. எனக்கும் அது உண்மையாக இருந்தது, விடுதிக் கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்தபடியே. பின்னால் சரக்கறையில் இருப்பவர்களுக்கு என்ன என்பதைக் கேட்க அந்த வரி அங்கே இருக்க வேண்டும்.

பட்டியலில் வாங்க, விற்க என்று இரண்டே வழிகள் இருப்பதுதான் எனக்கு உறுத்தல். இறக்கிவிட வழி இல்லை. அதனால் போன மே மாதம் நானும் படிப்பகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சிறு இணைப்பு எழுதினோம். இருபது வரிகூட இராது, ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் நீங்களும் எழுதலாம். அடிமைகளோடு நிலையத்துக்குள் நுழைந்தால் சந்தைக்கு முன் ஒரு திரை வரும். சரக்கறையில் எத்தனை பேரோ அத்தனை பெயர்கள் அதில் இருக்கும். ஊலைட்டிலேயே பெயர்களை உருவாக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்திக்கொண்டோம். கீழே ஒரு பொத்தான்: விடுவிப்பு. அழுத்தினால் நான்காவது வரி பூஜ்ஜியமாகும்.

ஓட்டுநருக்கு இதற்குப் பணம் தரலாமா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. தந்தால்தான் மற்ற விளையாட்டாளர்கள் அழுத்துவார்கள் என்று பாதிப் பேர். விடுவித்ததற்கு ஓட்டுநருக்குப் பணம் என்றால் அதுவும் ஒரு விலைதானே என்று மீதிப் பேர். கடைசியில் தரவில்லை. பெயர்களை நம் பெயர்களாக வைக்கலாமா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பெயர்களை எதற்கு மறுபடியும் அந்தப் பட்டியலில் ஏற்றுகிறீர்கள் என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது.

அவள்தான் அடுத்த நாள் அதை ஓட்டிப் பார்த்தாள். கொள்ளைக் கப்பல் ஒன்றிலிருந்து சிதறிய பெட்டிகளை அள்ளி, நிலையத்துக்கு வந்து, நான்கு பெயர்களைப் படித்து, பொத்தானை அழுத்தினாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குனவங்க எங்கக்கா போவாங்க?"

அதை நாங்கள் எழுதவில்லை. ஊலைட்டின் அடிப்படை விளையாட்டில் கோளில் தரையிறங்க வழி இல்லை. நிலையம் வரைக்கும்தான் விளையாட்டு, கீழே வீடு எங்கே, வேலை எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்பது அதற்குத் தெரியாது. அடுத்த பகுதியை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வரவில்லை, பொதுத்தேர்வு முடிந்ததும் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அந்த நான்கு பேரும் எங்கெங்கே போவார்கள் என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டாள்.